தொண்ணூற்றிரண்டு புள்ளி சந்தோஷம்

என் வாழ்க்கையில் நான் வாங்கிய மிக உயர்ந்த புள்ளி தொண்ணூற்றிரண்டு. பாடம், சந்தோஷம். பரீட்சை எழுதியது என் அம்மா.

ஏ.எல். பரீட்சையின் இரண்டாம் ஷை, அதாவது இரண்டாம் தடவை எழுதியதன் பெறுபேறு வந்த அன்று என் போனைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பல்கலைக்கழகம் போக இசட் ஸ்கோர் கொஞ்சம் பத்தவில்லை. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் என்ற சொல்லை அதற்குப் பிறகு பல்லேபொலயில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரும் ஒரு தடவையாவது சொன்னார்கள். "கொஞ்சத்துலதானே போச்சு" என்று ஆறுதல் சொன்னவர்களையும் சுவரில் அடித்திருப்பேன், என்ன செய்வது, போனைப்போல் கைக்கு அடக்கமாக யாரும் இல்லை.

கோபம் இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். அது தீர்ந்துபோன பிறகுதான் சனியன் பிடித்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். குளிப்பது பெரிய வேலையாகத் தெரிந்தது. சோறு தவிட்டைப்போல் இருந்தது. பகல் முழுக்கத் தூக்கம், எழும்பினால் திரும்பவும் தூங்கவேண்டும்போல ஒரு அலுப்பு. செத்துப்போகவேண்டும் என்று திட்டமெல்லாம் இல்லை. ஆனால் நாளைக்கு எழும்பவேண்டும் என்ற திட்டமும் என்னிடம் இல்லை. பத்தொன்பது வயதில் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன்.

அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். கோயிலில் நூல் கட்டிவந்தார். வீட்டில் உடுக்கப் புது ஹவுஸ்கோட் வாங்கித் தந்தார். எதுவும் பலிக்காதபோது திட்டினார். திட்டுத்தான் அவருடைய அன்டிபயோட்டிக். அப்பா வடக்கில் பிறந்து அரசாங்க வேலைக்காக இந்தப் பக்கம் வந்து இங்கேயே கலியாணம் கட்டியவர். அப்போது லக்கல பக்கம் பல்லேகமயில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர். வெள்ளிக்கிழமை வருவார், ஞாயிறு போவார். வராத வெள்ளிக்கிழமைகளும் உண்டு. காரணம் கேட்டால் யானை என்பார். ரோட்டில் யானை நின்றால் பஸ் வராது, பஸ் வராவிட்டால் அப்பா வரமாட்டார். உலகத்தில் எந்த ஆம்பிளைக்கும் இவ்வளவு பெரிய சாட்டு கிடைத்ததில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் இதற்கென்று கிளினிக் இருப்பது எங்களுக்குத் தெரியும். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் போய் உட்கார்ந்தால் பஸ்ஸில் வீடு திரும்புவதற்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்துவிடும், பிறகு எவன் கட்டுவான் என்பது அவர் கட்சி. எழும்பிப் பல் விளக்கவே மனமில்லாதவளுக்கு மாப்பிள்ளைக் கவலை. அப்பாதான் யாரையோ பிடித்து, கவுன்சலிங் செய்யும் உளவளத்துணை மிஸ் ஒருவரை ஏற்பாடு செய்தார்.

மிஸ் ஸ்கூட்டியில் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலைமுடி ஒட்டிப்போய் ஈரக் கோழிபோல் இருந்தார், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. பக்கத்து வீட்டு நோனா வேலிக்கு மேலால் யார் என்று சிங்களத்தில் கேட்க, அம்மா கண் இமைக்காமல் டியூசன் மிஸ் என்றார். பின்னால் நடந்த எல்லாக் கூத்துக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

மிஸ்ஸிடம் ஒரு செயலி இருந்தது. கொழும்பில் யாரோ இளம் பிள்ளைகளுக்காகவே செய்ததாம். போனில் தினமும் ஐந்து நிமிடம் கேள்விகளுக்குப் பதில் அமுத்தவேண்டும், அதைப் பார்த்துவிட்டுப் புதன்கிழமைதோறும் மிஸ் கோல் எடுத்துப் பேசுவார். அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வாங்கு இல்லை, கிளினிக் இல்லை, ஊர்க்கண் இல்லை, எல்லாம் போனுக்குள்ளேயே முடிந்துவிடும். என் போன் சுவரில் உயிர்விட்டிருந்ததால் செயலியை அம்மாவின் போனில் போட்டார்கள். அவசரத்துக்கு அறிவிக்க நம்பிக்கையான ஒருவரின் இலக்கம் கேட்டது. அம்மாவின் இலக்கத்தையே கொடுத்தோம். எனக்கு ஆபத்து என்றால் அம்மாவின் போன் அம்மாவின் போனுக்கே அறிவிக்கும். அந்த நேரத்தில் மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

செயலிக்குள் ஒரு யானைக்குட்டி இருந்தது. நீல நிறம், கன்னத்தில் குழி. "வணக்கம்! தங்களது இன்றைய மனநிலை எவ்வாறு உள்ளது?" என்று எழுத்தில் கேட்டது. எங்கள் வீட்டில் அப்படி யாரும் பேசுவதில்லை. எந்த வீட்டிலும் பேசுவதில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நலம் விசாரித்ததுபோல் இருந்தது. அதற்குக் கீழே ஐந்து முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரைக்கும். பிறகு நித்திரை, சாப்பாடு, கோபம், அழுகை என்று கேள்விகள். அப்பா வந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயும் யானை இங்கேயும் யானையா என்று மட்டும் சொன்னார்.

யானையை எனக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை பிடித்தது.

எங்கள் வளவில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் கராம்பு மரத்தடி. புதன் பின்னேரம் அம்மாவின் போனோடு அங்கே போய் நிற்பேன். முதல் புதன் நான் ஒன்றும் பேசவில்லை, மிஸ்ஸும் வற்புறுத்தவில்லை. தன்னுடைய ஸ்கூட்டி ரோட்டில் நின்றுபோன கதையைச் சொன்னார். இரண்டாவது புதன், நாளைக்கு எழும்ப மனமில்லை என்ற விஷயத்தைச் சொன்னேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியாது. அவர் பதறவில்லை. கேட்கவேண்டியதை நேராகக் கேட்டார், ஏதாவது செய்துகொள்ள நினைக்கிறீர்களா என்று. இல்லை என்றேன், உண்மையும் அதுதான்.

"சரி. அடுத்த புதன் வரைக்கும் இருப்பீங்களா?" என்றார்.

"இருப்பேன் மிஸ்."

"அப்ப புதன்கிழமை பேசுவோம்."

அவ்வளவுதான். வாழ்க்கை முழுக்க இருக்கச் சொல்லியிருந்தால் முடியாது என்றிருப்பேன். புதன் வரைக்கும் இருப்பது பெரிய காரியமில்லை. அப்படியே ஒரு புதனிலிருந்து அடுத்த புதனுக்குத் தாவித் தாவி நான் உயிரோடு இருந்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அதுதான் எல்லாம்.

கெடுத்தது புள்ளி. செவ்வாய்க்கிழமைதோறும் யானைக்குட்டி ஒரு பலூனைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்த வாரத்துக்கான நலப் புள்ளியை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். யார் மூளையில் உதித்ததோ, நாசமாய்ப் போக. இந்த நாட்டில், அதுவும் ஏ.எல். பெறுபேறு வந்த வீட்டில், ஒரு தாயின் கையில் நூற்றுக்கு என்று ஒன்றைக் கொடுக்கலாமா? முதல் செவ்வாய் எனக்கு இருபத்திமூன்று வந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "இருபத்திமூணா? எஸ்கூட இல்லியே" என்றார். எஸ் என்பது எங்கள் பரீட்சையில் ஆகக் கடைசிச் சித்தி, வெறும் பாஸ், முப்பத்தைந்து எடுத்தால் போதும். சந்தோஷத்தில் நான் அதற்கும் லாயக்கில்லை. அன்று அப்பா போன் எடுத்தபோது அம்மா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். அப்பா என்னோடு பேசி, அடுத்த முறை கொஞ்சம் முயற்சி பண்ணச் சொன்னார்.

முயற்சி அடுத்த நாளே தொடங்கியது. யானை கேள்வி கேட்க, நான் பதில் அமுத்த, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை. வாழ்வதில் அர்த்தம் இல்லை எனத் தோன்றியதா என்று யானை கேட்டது. சில வேளைகளில் என்று அமுத்தினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத மாத்து. புள்ளி கொறையும்" என்றார். அவர் வெகுநேரம் விடாமல் பிடித்திருந்ததை நான் அன்றைக்கு எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். மாற்ற மாட்டேன் என்று போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினேன். நீயே எழுதித் தொலை என்று மனதுக்குள் சொன்னதை அம்மா கேட்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு அவரே எழுதத் தொடங்கினார்.

என்ன சுறுசுறுப்பு! காலையில் சாமி விளக்கு, பிறகு யானை. நித்திரை நன்று. உணவு மிக நன்று. நண்பர்களுடன் உரையாடினீர்களா, ஆம். எந்த நண்பர்? வீட்டுப் பூனையோடுகூட நான் பேசுவதில்லை. நாற்பதாகி, அறுபத்தெட்டாகி, கடைசியில் தொண்ணூற்றிரண்டு வந்தபோது அம்மா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். ஊர்க்கண்ணுக்குப் பயந்து கிளினிக் வேண்டாம் என்ற அதே மனுஷி. மாமிகள் வரிசையாக வாழ்த்து அனுப்பினார்கள். ஒரு மாமி என்ன பாடம் என்று கேட்க, அம்மா ஒரு கோர்ஸ் என்று பதில் போட்டார். இன்னொரு மாமி தன் மகனையும் சேர்க்க லிங்க் கேட்டார். அப்பா பல்லேகம அலுவலகத்தில் மகள் தொண்ணூற்றிரண்டு எடுத்துவிட்டாள் என்று சொல்லி எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாராம். எதில் எடுத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புள்ளி நல்லதாக இருந்தால் பாடம் முக்கியமில்லை.

அந்த நேரம் நான் கட்டிலில்தான் கிடந்தேன். தொண்ணூற்றிரண்டு புள்ளி எடுத்தவள், நான்கு நாளாகத் தலை சீவாமல்.

அடுத்த செவ்வாய் யானைக்குட்டி பட்டமளிப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. "வாழ்த்துகள்! தாங்கள் முதற்கட்டத்தைச் சிறப்பாக நிறைவுசெய்துள்ளீர்கள். இனித் தங்களுக்கான அழைப்பு மாதம் ஒருமுறை இடம்பெறும்." கூடவே மிஸ்ஸிடமிருந்து ஒரு குரல் செய்தி. நல்ல முன்னேற்றம், ரொம்பச் சந்தோஷம், இன்னும் நிறையப் பிள்ளைகள் காத்திருப்பதால் புதன் நேரத்தை அவர்களுக்குக் கொடுக்கிறார், மாதம் முடிவில் பேசுவோம் என்று. புதன்கிழமைகளில் நான் பேசத் தொடங்கியதும் அந்தப் புள்ளியை அவருக்கு நம்பவைத்திருக்கும். அவர் குரலில் இருந்த சந்தோஷம் உண்மையானது. அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

அந்தப் புதன் நான் கராம்பு மரத்தடியில் போய் நின்றேன். போன் அடிக்கவில்லை. இலக்கம் இருக்கிறதே, நீயே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். வந்த கோலைப் பேசத்தான் என்னால் முடிந்தது, எடுத்துப் பேச முடியவில்லை. கைக்கும் அந்தப் பொத்தானுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடியது. அதைக் கடக்க முடிந்திருந்தால் எனக்கு மிஸ்ஸே தேவையில்லை.

வீட்டுக்குள் போய் அம்மாவிடம் செயலியைத் திறந்து தரச் சொன்னேன். எதற்கு என்றார். ஃபெயிலாவதற்கு என்றேன். பதின்மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவள், வாழ்க்கையில் முதல்தடவையாக மனசார ஃபெயிலாக ஆசைப்பட்டேன், அதற்கும் விடவில்லை. புத்தி கெட்டுவிட்டதா, தொண்ணூற்றிரண்டைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாயா என்று போனை ஹவுஸ்கோட் பையில் போட்டுக்கொண்டார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். உங்கள் தொண்ணூற்றிரண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இனிப் புதன்கிழமை இல்லை என்றேன். அதில் அவருக்கு என்ன புரிந்ததோ, பையைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். நான் உள்ளே போய்ப் படுத்தேன்.

இந்தத் தடவை படுத்தது வேறு மாதிரி. கோபம்கூட இல்லை. அம்மா கொண்டுவந்து வைத்த தட்டு வைத்தபடியே திரும்பிப் போனது. திட்டு வருமென்று பார்த்தேன். திட்டும் வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. மிஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று தங்கச்சி எங்கே என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் நான் எழும்பி வந்தேன், என் கால் அதுவாக வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்த பிறகுதான் மிஸ் மூச்சுவிட்டார். மோசமான பதில் வந்தால் செவ்வாய் வரைக்கும் காத்திருக்காதாம், என் கணக்கில் சிவப்பு விளக்கு எரிகிறதாம். தொண்ணூற்றிரண்டிலிருந்து ஒரேயடியாகப் பதினொன்று. எல்லாக் கேள்விக்கும் ஆக மோசமான பதில். நான் அந்த யானையைத் தொட்டே பல வாரம் ஆகிறது என்றேன். இரண்டு பேரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம்.

அம்மா பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான்தான் அமுத்தினேன்" என்றார். "பாஸானா நீங்க வரமாட்டீங்கதானே. அதான் ஃபெயிலாக்கிட்டேன்."

இவர் யார் தெரியுமா? புலமைப்பரிசில் பரீட்சையில் எனக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது என்று மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்த அம்மா. வருடாந்தப் பரீட்சைத் தாளைத் திருத்திய டீச்சரின் வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்த அம்மா. என் புள்ளியில் கை வைத்தால் கடவுளையும் விடாதவர், தன் விரலாலேயே என்னைப் பதினொன்றுக்கு இறக்கிவைத்திருக்கிறார்.

மிஸ் கோபப்படவில்லை. எல்லோரும் உட்கார்ந்தோம். பதில்களை ஒவ்வொன்றாக வாசித்து, இது சரியா தங்கச்சி என்று என்னிடம் கேட்டார். சாப்பாடு பிடிக்கவில்லை. சரி. குளிக்க, உடுக்க மனமில்லை. சரி. வாழ்வதில் அர்த்தம் இல்லை எனத் தோன்றுகிறது, ஆம். சரி. அம்மா இந்தத் தடவை அதை மாற்றவில்லை. என்னை இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனுஷி, ஒன்றுவிடாமல்.

"நித்திரையே வருவதில்லை" என்று வாசித்தார் மிஸ். இல்லையே, நான் தூங்கித் தொலைப்பதுதானே பிரச்சினை என்றேன். "காரணமின்றித் தினமும் அழுகை வருகிறது." நான் அழுவதில்லை, சாமான்களை எறிவேன், அழமாட்டேன், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "மனம்விட்டுப் பேச யாரும் இல்லை." அதுவும் தப்பு. எனக்குப் புதன்கிழமை இருந்ததே.

மிஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா கோப்பையின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேள்விக்கெல்லாம் இவளுக்கு என்னான்னு தெரியல மிஸ்" என்றார். "தெரியாததுக்கு எனக்கு உள்ளத போட்டேன்."

மிஸ் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். எப்போது அழுவீர்கள் அம்மா என்று கேட்டார். கிணற்றடியில் உடுப்புக் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்றார் அம்மா, யாரோ சோப்பு விலை கேட்டதுபோல. எனக்கு உடனே வந்தது கோபம்தான். ஒரே வீடு, ஒரே போன், ஒரே யானை, நான் சுவரைப் பார்த்துக் கிடக்க, இவர் கிணற்றடியில் வாளியை உருட்டி உருட்டி அழுதிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? அப்பாவை யானை மறித்துவைத்திருந்தது, நான் கட்டிலில் கிடந்தேன். அது தெரிந்த பிறகும் கோபம் போகவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வரும்.

அதற்குப் பிறகு மிஸ் சொன்னபடி நடந்தோம். மாத்தளை ஆஸ்பத்திரி வாங்கில் போய் உட்கார்ந்தோம், அம்மா முகத்துக்கு நேராகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கூரைக்குக் கீழே. அப்படிப் பிடித்ததால்தான் மொத்த வரிசையும் எங்களைப் பார்த்தது. அம்மாவின் போனில் இரண்டு கணக்குகள் போட்டார் மிஸ். செயலி இளம் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால் அம்மாவுக்கும் பத்தொன்பது வயது என்று போடவேண்டியிருந்தது. புதன் கோலை இரண்டாகப் பிரித்தார், முதல் பாதி அம்மாவுக்கு, மறு பாதி எனக்கு. இது பரீட்சை இல்லை, உள்ளதை அமுத்துங்கள் என்று இரண்டு பேருக்கும் பாடம் எடுத்தார். அம்மா நன்றாகத் தலையாட்டினார். ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய் யானைக்குட்டி இரண்டு பலூன் கொண்டுவந்தது. எனக்கு முப்பத்தொன்று. அம்மாவுக்கு இருபத்தேழு.

"எஸ்கூட இல்லம்மா" என்றேன்.

"நீ மட்டும் என்ன, நீயும் ஃபெயில்தானே" என்று அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் ஹவுஸ்கோட் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். கிணற்றடி இல்லை, தண்ணீர்ச் சத்தம் இல்லை, என் கண் முன்னால், குசினி நடுவில். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எறிவதற்கும் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தேன்.

அப்போது பார்த்து அப்பா போன் எடுத்தார். வழக்கம்போல் மகளுக்கு எவ்வளவு என்று கேட்டார். அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "ரெண்டு பேரும் ஃபெயிலுங்க. வரும்போது பேக்கரியில பாண் வாங்கிட்டு வாங்க" என்றார். அப்பா போனை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடந்தது.

மறுநாள் புதன். பின்னேரம் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா நின்றார், கசங்கின சேர்ட்டோடு, கையில் இரண்டு இறாத்தல் பாண். அம்மாவை எங்கே என்றார். கராம்பு மரத்தடியைக் காட்டினேன். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார், தன்னுடைய பாதியில்.

யானை எப்படி வழி விட்டது என்று கேட்டேன்.

"யானை ஒண்ணும் இல்ல மகள்" என்றார் அப்பா.

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். எனக்குப் பசித்தது. அம்மாவின் பாதி முடியும் வரைக்கும் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டு இருந்தோம்.